ஒன்பது கோயில், ஐந்து கடற்கரை, ஒரு டிரைவர்

ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். இரும்புக் கடை கல்லாவில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து கொஞ்சம் ஆடும். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் அம்மாவின் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? தையலைக் குறைத்துக்கொள்ளச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். வேன் வாங்கிவிட்டேன். பன்னிரண்டு சீட், ஏ.சி., ஜன்னலுக்கு வெல்வெட் திரை. மே மாதப் பள்ளி விடுமுறையில் ஆறு நாள் பயணம். ஒன்பது கோயில், ஐந்து கடற்கரை. கோயில் உன் பெரியம்மாவுக்கு, கடற்கரை மாப்பிள்ளைக்கு. அவர் ஆபீசர் அல்லவா, கடலைப் பார்த்தால்தான் மூளை ஓய்வெடுக்குமாம்.

நீ பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறாய் என்று உன் அப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நம் வம்சத்தில் முதல் பட்டதாரி. அந்தப் படிப்பு குடும்பத்துக்கும் ஒரு நாள் பயன்படட்டும். எந்த நாள், எந்தக் கோயில், எத்தனை மணி என்று கோடு போட்டு அழகாக எழுதி அனுப்பு.

உன் அப்பனும் கட்டாயம் வரவேண்டும். முன் சீட் அவனுக்குத்தான். நீயும் அம்மாவும் அடுத்த முறை வரலாம். பன்னிரண்டு சீட் என்று பேர்தான். மாப்பிள்ளை கால் நீட்ட ஒரு வரிசை, சாமான்களுக்கு ஒரு வரிசை, பேரப்பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க ஆளுக்கு ஒரு வரிசை போய்விடும்.

ஆசிகளுடன்,
பெரியப்பா


ஜனவரி 25

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவுக்குத் தலைசுற்றல் பரவாயில்லை, நடந்துகொண்டே இருந்தால் வருவதில்லை. உங்கள் முழங்காலுக்கு ஏறும் படிகளைவிட இறங்கும் படிகள்தான் ஆகாது என்று அப்பா சொல்லச் சொன்னார். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, எனக்குப் பேச்சு வருவதில்லை. கடிதமே இருவருக்கும் நல்லது.

முதல் திட்டத்தை இணைத்திருக்கிறேன். கோயில்கள் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தி, நான்கு மணிக்குத் திறக்கின்றன. ஆகவே காலையில் ஒரு கோயில், நடுப்பகலில் ஒரு கடற்கரை, மாலையில் ஒரு கோயில் என்று வைத்திருக்கிறேன். ஐந்து கடற்கரைகளிலும் சவுக்குத் தோப்பு உண்டு. நிழலில் படுத்துக்கொள்ளலாம்.

எங்கள் டிப்போ அறையில் ஒரு நீள மேசையும் நான்கு பேரும் ஒரு கடிகாரமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கண்காணிப்பாளர் எனக்கு ஒரு பாடம் சொன்னார். பஸ் எப்போது கிளம்பும் என்று முதலில் எழுதக்கூடாது, டிரைவர் எப்போது தூங்குவார் என்றுதான் முதலில் எழுத வேண்டும். மீதி நேரத்தில்தான் பஸ் ஓடும். உங்கள் திட்டத்தையும் அப்படியே தொடங்கினேன். டிரைவர் என்ற கட்டத்தில் யார் பேரை எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன்.

முன் சீட் அப்பாவுக்கு என்று எழுதியிருந்தீர்கள். ஸ்டியரிங் இருக்கும் பக்கமா, இல்லாத பக்கமா என்று தெரிவித்தால் நலம்.

கோயில்களின் பட்டியலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்பதையும் தெரியும் என்றார். இந்த ஸ்கூல் பஸ்ஸுக்கு வருவதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் சுற்றுலா வேன் ஓட்டியவர் அல்லவா. முதல் கோயிலில் மேற்கு வாசலில் நிறுத்தினால் மதியம் வரை நிழல் இருக்கும், இரண்டாவதில் டயர்க்கடை எதிரிலேயே உண்டு, நான்காவதில் குரங்கு வைப்பரைப் பிடுங்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். உள்ளே சாமி எப்படி இருக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றார். ஒன்பதில் ஒன்றின் உள்ளேயும் அவர் போனதில்லை. வந்தவர்களின் சாமான் வண்டியில் இருக்குமாம், விட்டுவிட்டுப் போக முடியாதாம். அவர்கள் கும்பிட்டு வருவதற்குள் கொஞ்சம் தூங்கினால்தான் அடுத்த ஊர் வரை ஓட்ட முடியுமாம்.

இது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. இந்த முறை அவர் உங்களோடு உள்ளே போவார் என்று நினைத்து மகிழ்கிறேன்.

தங்கள் பதிலை வணக்கத்துடன் எதிர்பார்க்கும்,
தம்பி மகள்


பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

உன் திட்டம் கிடைத்தது. கோடு நேராக இருக்கிறது, அந்த மட்டும் சந்தோஷம். எனக்குச் சளி. பெரியம்மாவுக்கு என் சளியால் தலைவலி. உங்கள் வீட்டில் எல்லோரும் திடமாக இருப்பீர்கள், உழைக்கிற உடம்பு.

திட்டத்தை மாப்பிள்ளை பார்த்துச் சிரித்தார். நடுப்பகலில் கடற்கரைக்குப் போவது மீன் காய வைக்கிறவர்கள்தானாம். அவர் தோல் வெயில் தாங்காது. கடல் என்றால் சூரிய உதயம், இல்லையென்றால் அஸ்தமனம். ஆகவே காலையும் மாலையும் கடற்கரை, நடுவில் கோயில் என்று மாற்றிவிட்டோம். பெரியம்மா வழியில் இன்னும் இரண்டு கோயில் சேர்த்திருக்கிறாள், மாப்பிள்ளை இரண்டு கடற்கரை. அதே ஆறு நாள்தான்.

நடை சாத்துவார்கள் என்று பயமுறுத்தாதே. நம்மைப் போன்றவர்கள் போனால் திறப்பார்கள். நீ பஸ்ஸுக்கு டைம்டேபிள் போடு, சாமிக்குப் போடாதே.

காலி கட்டத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அது பெரியவர்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம்.

ஆசிகளுடன்,
பெரியப்பா


பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

வணக்கம். சளி விட்டதா? பெரியம்மாவின் தலைவலி தனியாகப் போய்விட்டதா, உங்கள் சளியோடுதான் போகுமா?

மாப்பிள்ளை அவர்களின் தோலைக் கருத்தில் கொண்டு இரண்டாவது திட்டம் போட்டேன். பதினொரு கோயில், ஏழு கடற்கரை, ஆறு நாள். உதயத்துக்குக் கடலில் இருந்தால், குளித்து, உடை மாற்றி, கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டேகால். நடை பன்னிரண்டுக்குச் சாத்துகிறது. இப்படிப் பதினொன்றில் எட்டில் நடக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்குத் திறப்பார்கள் என்பதற்கு ஒரு கட்டம் வரைய எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும்.

டிரைவர் கட்டத்தை நிரப்பிவிட்டேன். எங்கள் டிப்போவில் ஒருவர் இருக்கிறார். 'நிதானம்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மே மாதம் அவருக்கு விடுப்பு, வரச் சம்மதித்தார். அப்பாவை ஐந்தாவது சீட்டில் ஜன்னல் பக்கம் எழுதியிருக்கிறேன். நிதானம் வண்டியைப் பார்த்துக்கொள்வார், அப்பா உங்களோடு உள்ளே வருவார்.

அப்பா வேட்டியைச் சலவைக்குப் போட்டு வாங்கி வந்து பீரோவில் மேல் தட்டில் வைத்திருக்கிறார். பயணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று அம்மா கேலி செய்கிறாள்.

பணிவுடன்,
தம்பி மகள்


மார்ச் 30

பெரியப்பாவுக்கு வணக்கம்.

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பா தினமும் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கழுவி விட்டுவிட்டு வந்ததும் "அண்ணன்கிட்டருந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிறார். இல்லை என்றால், "கடையில வேலை இருக்கும்" என்று உங்களுக்காகப் பதிலும் அவரே சொல்லிக்கொள்கிறார். நிதானத்துக்கு நான் உறுதி சொல்ல வேண்டும்.

இரண்டு வரி போதும்.

தம்பி மகள்


ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தில் அவசரம் தெரிகிறது. படித்த பெண்ணுக்குப் பொறுமை வேண்டும்.

முன்பின் தெரியாத ஆளை எதற்கு வேனில் ஏற்ற வேண்டும்? பெண்பிள்ளைகள் வருகிற வண்டி. அவனுக்குச் சோறு, படுக்கை எல்லாம் நாம் பார்க்க வேண்டும். நம் குடும்பத்திலேயே ஒருவன் இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியிருக்கும்போது வெளியாள் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஸ்கூல் விடுமுறை, அவனும் வீட்டில் சும்மாதான் இருப்பான். விடுமுறையைப் பார்த்துத்தானே நாளே குறித்தேன். அவனே இதுவரை வாய் திறக்கவில்லை. நீ ஏன் கட்டம் கட்டமாகப் பேசுகிறாய்?

உள்ளே போக வேண்டும், உள்ளே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உள்ளே போய் அவன் என்ன செய்யப் போகிறான்? கேட்பதற்கு அவனுக்கு என்ன இருக்கிறது? வியாபாரம் உண்டா, வழக்கு உண்டா, ஆபீசர் மாப்பிள்ளைதான் தேடப் போகிறானா? நாங்கள் திருநீறு கொண்டுவந்து வேனிலேயே அவன் நெற்றியில் பூசிவிடுகிறோம். பலன் ஒன்றுதான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பெரியப்பா


ஏப்ரல் 15

பெரியப்பாவுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்தேன். கேட்பதற்கு அவனுக்கு என்ன இருக்கிறது என்ற இடத்தைத் தாண்டிப் படித்தேன். நான் தாண்டியதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். காகிதத்தை வாங்கி விரல் வைத்து மெதுவாகப் படித்தார். பிறகு மடித்துக் கொடுத்தார்.

"அண்ணன் சொல்றதுல தப்பு என்ன இருக்கு? வண்டிய யாராவது பாத்துக்கணும்ல" என்றார்.

அம்மா தையல் மெஷினை நிறுத்தவே இல்லை, வேகமாக மிதித்தாள்.

அவர் ஓட்டத் தயார். எனவே நான் அதைப் பற்றி இனிப் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அதனால் சரியாகக் கேட்கிறேனா என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் குன்றடிக் கோயில். மாலை நான்கு மணிக்குக் கட்டாயம் திறந்திருக்கும். அங்கே ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், மாப்பிள்ளை அவர்கள் வேனில் உட்கார்ந்திருந்தால் அப்பா உள்ளே போய்விட்டு வந்துவிடுவார். மாப்பிள்ளை கோயிலுக்காக வரவில்லை என்று நீங்கள்தான் எழுதினீர்கள். வேனில் ஏ.சி. இருக்கிறது. கால் நீட்ட ஒரு வரிசையும் இருக்கிறது.

பதினொரு கோயிலில் ஒன்று.

தம்பி மகள்


ஏப்ரல் 27

மகளுக்கு,

உன் கடிதத்தைப் பெரியம்மா மாப்பிள்ளை காதில் விழும்படி படித்துவிட்டாள். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. டிரைவர் சாமி கும்பிட, ஆபீசர் வண்டிக்குக் காவலா? கையெழுத்துப் போட்டு நூறு பேரை வேலை வாங்குகிறவர் அவர். படிப்பு ஏறினால் பணிவு இறங்கும் என்று தெரிந்திருந்தால் உன்னைக் காலேஜுக்கு அனுப்பவேண்டாம் என்று அப்போதே சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளையே வேனை ஓட்டுவதாகச் சொல்லிவிட்டார். கார் ஓட்டுகிறவருக்கு வேன் எம்மாத்திரம். ஆகவே யாரும் யாருக்காகவும் சிரமப்பட வேண்டாம். இடமும் தாராளமாகும்.

கடைசித் திட்டத்தை, நாங்கள் சொன்ன நேரங்களோடு, டைப் அடித்து அனுப்பு. டிரைவர் கட்டம் வேண்டாம்.

பெரியப்பா


மே 2

பெரியப்பாவுக்கு வணக்கம்.

திட்டம் இணைப்பில். நீங்கள் சொன்ன நேரங்களை அப்படியே அடித்திருக்கிறேன். பக்கத்திலேயே நடை சாத்தும் நேரத்தையும் அடித்திருக்கிறேன். இரண்டையும் ஒரே தாளில் பார்ப்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வலது ஓரத்தைக் கத்தரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தாள் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஒவ்வொரு இடத்திலும் வேனை எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் பக்கம் நிழல், எங்கே மணல் இளகும், எந்த வளைவில் எதிரே லாரி வரும் என்று இருக்கிறது. நான் எழுத மாட்டேன் என்றேன். "அண்ணன் புள்ளைங்களோட போறார். எழுதும்மா" என்றார். எழுதினேன்.

சலவை வேட்டி இன்னும் மேல் தட்டில்தான் இருக்கிறது.

பயணம் நலமாக அமையட்டும்.

தம்பி மகள்


ஜூன் 3

அன்பு மகளுக்கு,

வந்து சேர்ந்தோம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பெரியம்மா பேசுவதில்லை. அதனால் தலைவலி இருக்கிறதா என்று தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் எப்படி?

உன் திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினொரு கோயிலில் எட்டில் கதவு சாத்தியிருந்தது. நாங்கள் யார் என்று சொல்லியும் திறக்கவில்லை. ஒரு இடத்தில் காவலாளி, "நாலு மணிக்கு வாங்கய்யா, சாமி எங்கயும் போயிடாது" என்று சொல்லிவிட்டு எங்கள் எதிரிலேயே படுத்துத் தூங்கினான். இப்படி ஆகும் என்று தெரிந்தவள் அழுத்தமாக எழுதியிருக்க வேண்டாமா? ஓரத்தில் பொடி எழுத்தில் அடித்தால் யார் பார்ப்பார்கள்?

கடல் மட்டும் ஏழும் பார்த்தோம். ஐந்தாவது கடற்கரையில் மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகளுக்கு அலை தெரியட்டும் என்று வேனை மணலில் ரிவர்ஸ் எடுத்தார். பின் சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. உன் அப்பன் தாளில் அந்த இடத்தை எழுதியிருந்தானாம், பெரியம்மா பிறகு காட்டினாள். டிராக்டர் வந்து இழுக்க மூன்று மணி நேரம். அதற்குள் வெல்வெட் திரையெல்லாம் உப்புத் தண்ணீர். வரும் வழியில் பக்கத்துக் கண்ணாடியும் போயிற்று. மாப்பிள்ளை திரும்பி வந்ததும் வேலை இருக்கிறது என்று அன்றைக்கே கிளம்பிவிட்டார்.

நடந்தது நடந்துவிட்டது. பெரியம்மா பார்க்காத எட்டையும் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். டிசம்பர் விடுமுறையில் மறுபடி கிளம்புகிறோம். இந்த முறை உன் அப்பன்தான் ஓட்ட வேண்டும், வேறு யாரையும் நம்புவதற்கில்லை. உன் ஆசையையும் நான் மறக்கவில்லை. வழியில் குன்றடிக் கோயிலில் அவன் உள்ளே போய் வரட்டும். நான் அனுமதி தருகிறேன். அரை மணி போதும் அல்லவா?

ஆசிகளுடன்,
உன் பெரியப்பா


ஜூன் 19

பெரியப்பாவுக்கு,

வணக்கம். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று அப்பா சொல்லச் சொன்னார். பெரியம்மாவின் மௌனத்துக்கு எங்களுக்கு மருந்து தெரியவில்லை.

அனுமதிக்கு நன்றி. ஆனால் தேவைப்படவில்லை. நீங்கள் மணலில் இருந்த அதே வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை, நானும் அப்பாவும் குன்றடிக் கோயிலுக்குப் போய் வந்துவிட்டோம். எங்கள் டிப்போவின் சாதாரண பஸ். நான் போட்ட அட்டவணையில் முதல் முறையாக நானே ஏறினேன். அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பாதி வழி வரை ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் தரையில் பிரேக்கைத் தேடியது. பிறகு தூங்கிவிட்டார். பகலில், ஓடும் வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

செருப்பு வைக்கும் இடம் வரை அவர்தான் எனக்கு வழி காட்டினார். வாசலைத் தாண்டியதும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். நான் முன்னால் நடந்தேன். அர்ச்சனைக்குப் பேர் கேட்டார்கள். முதலில் உங்கள் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். பிறகு பெரியம்மா, உங்கள் மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள். ஒரு நட்சத்திரமும் தப்பவில்லை. அம்மாவையும் என்னையும் சொன்னார். தன் பேரைச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். உங்கள் பேரைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் சாமியைச் சரியாகப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் ஒரு தூணடியில் உட்கார்ந்தார். இரண்டு மணிநேரம் எழுந்திருக்கவில்லை. வேண்டிக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். திரும்பும் பஸ் ஆறேகாலுக்கு. அந்த டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். இரண்டு முறையும் கேட்டது. நான் அப்பாவைக் கூப்பிடவில்லை.

உங்கள் கடிதத்தை நேற்று அவருக்கு முழுதும் படித்தேன், எதையும் தாண்டாமல். எட்டுக் கதவு சாத்தியிருந்ததற்கு 'அடடா' என்றார், மனதாரத்தான் சொன்னார். மணலில் ரிவர்ஸ் எடுத்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை, அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும்வரை சிரித்தார். உங்கள் அவமதிப்பை எல்லாம் வாங்கிக்கொண்டவருக்கு, அந்த டிரைவிங்கை மட்டும் பொறுக்க முடியவில்லை.

டிசம்பருக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் உள்ள போய்ப் பாத்துட்டேன். இனிமே வெளிய நிக்க எனக்கு வராது. அண்ணன வேற ஆள் பாத்துக்கச் சொல்லு."

இதையே எழுதட்டுமா என்றேன். "எழுது. ஆனா கொஞ்சம் மரியாதையா எழுது" என்றார்.

இதற்கு மேல் மரியாதையாக எனக்கு எழுத வரவில்லை.

தம்பி மகள்